"கர்த்தர் யாரு, ஒங்க ஊர்க்காரரா?"

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு, ஸ்தோத்திரம்.

திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வயது 74. எங்கள் சபையில் நான் பார்க்காத வேலை கிடையாது. ஞாயிறு பள்ளி எடுத்திருக்கிறேன். சபைப் பொருளாளராக இருந்திருக்கிறேன். அசன விருந்துக் கணக்கை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி ஒப்படைத்திருக்கிறேன். இந்த வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகை நோட்டீஸில் என் பெயர் இல்லை. நேற்று மீசை முளைத்த பையன்கள் பெயரெல்லாம் இருக்கிறது. கேட்டால், "மறந்துபோச்சு சார், அடுத்த வருஷம் போட்டுருவோம்" என்கிறார்கள். அடுத்த வருஷத்தை யார் கண்டது?

கிறிஸ்மஸுக்குக் கேரல் வந்தவர்கள் எங்கள் தெரு வரை வந்தும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. விளக்கைப் போட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வீட்டில் பாடுகிற சத்தம் கேட்டது, அப்புறம் அடுத்த தெருவில் கேட்டது. சபைக்குப் புது ஐயர் (போதகர்) வந்து எவ்வளவு நாளாகிறது, வீடு சந்திக்க வரவில்லை. முந்தின ஐயர் காலத்தில் இப்படி நடக்குமா?

மகன்கள் இரண்டு பேர். மூத்தவன் கோயம்புத்தூர், இளையவன் துபாய். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "அம்மா எப்படி இருக்கா?" "நல்லாருக்கா." அத்தோடு வைத்துவிடுவார்கள். பெற்றவர்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

மறுபடியும் நோட்டீஸ் விஷயத்துக்கு வருகிறேன். பணம் கொடுத்தவர்கள் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். இத்தனை வருஷம் உண்மையாக உழைத்தவனுக்கு ஒரு வரி கிடையாதா?

இப்போது ஆராதனைக்கும் தனியாகத்தான் போகிறேன். வீட்டம்மாவுக்குக் கொஞ்சம் மறதி, வயசானால் வருவதுதானே. பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளராக இருந்தவள், பிரசங்கத்துக்கு நடுவில் "எப்பம் வீட்டுக்குப் போவோம்?" என்று சத்தமாகக் கேட்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அதனால் லெந்து (தவக்கால) நாட்களுக்குப் பிறகு கூட்டிப்போவதில்லை. வெளியே பூட்டிவிட்டுப் போவேன், ஆராதனை முடிந்ததும் நேரே வந்துவிடுவேன். ராத்திரி ஜெபத்தில் 23ஆம் சங்கீதம் சொல்லச் சொன்னால் "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்ற முதல் வரியோடு நின்று முழிக்கிறாள். நான் சத்தம் போட்டுவிடுகிறேன். போன வாரம், "கர்த்தர் யாரு, ஒங்க ஊர்க்காரரா?" என்று கேட்டாள். என் மைத்துனன் மகன் வேறு சபைக்குப் போகிறவன். வாயினால் அறிக்கையிடுகிறவர்களுக்குத்தானே இரட்சிப்பு, அத்தை நிலைமை என்னவோ மாமா என்று சொல்லிவிட்டுப் போனான். சின்னப் பையன், விட்டுவிட்டேன்.

என் கேள்வி இதுதான். நோட்டீஸ் விஷயமாகப் பேராயருக்கு மனு எழுதலாமா? அல்லது பேசாமல் வேறு ஆலயத்துக்குப் போய்விடலாமா?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சார்,

மனுவைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எழுதுங்கள், எழுதாமலும் இருங்கள். "சின்னப் பையன், விட்டுவிட்டேன்" என்கிறீர்களே, அங்கே நான் நின்றுவிட்டேன். நீங்கள் விடவில்லை சார். விட்டிருந்தால் எனக்கு அதை எழுதியிருக்க மாட்டீர்கள்.

சபை மறந்தது, கேரல் பையன்கள் மறந்தார்கள், ஐயர் மறந்தார், மகன்களும் கிட்டத்தட்ட மறந்துவிட்டார்கள் என்று வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். உண்மையாகவே எல்லாம் மறந்துகொண்டிருக்கிறவர் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறார். அவருக்குக் கொடுத்தது ஒரு பத்தி, அதுவும் நோட்டீஸுக்கும் மனுவுக்கும் நடுவில். நீங்கள் கேட்க நினைத்து வாய் வராமல் போன கேள்வி, கர்த்தரை மறந்துபோனவளைக் கர்த்தர் வைத்துக்கொள்வாரா என்பதுதான்.

ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தை உங்கள் ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை நடத்தியிருப்பீர்கள். கர்த்தர் ஆபிராமோடு உடன்படிக்கை பண்ணுகிறார். மிருகங்களைத் துண்டித்து எதிரெதிரே வைத்திருக்கிறது, சத்தியம் பண்ணுகிறவர் அதன் நடுவே கடந்துபோக வேண்டும். ஆபிராம் அந்த நேரம் என்ன செய்துகொண்டிருந்தார்? தூங்கிக்கொண்டிருந்தார். அயர்ந்த நித்திரை. துண்டங்களின் நடுவே கடந்துபோனது அக்கினிஜுவாலை மட்டும்தான். மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை, ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. வேதம் முழுவதும் தம் ஜனத்தின் மேல் தேவன் வைத்த அன்பென்று பேசுகிறதே, அதன் அஸ்திவாரம் இப்படிப் போடப்பட்டது. ஒரு தரப்பு தூங்கினபோது மறு தரப்பு சத்தியம் பண்ணியது.

உங்கள் மனைவி கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்றிருப்பார் என்றே நினைக்கிறேன், நம் பக்கத்து வழக்கம் அது. அன்றைக்கு அந்தப் பிள்ளையிடம் யாரும் சங்கீதம் ஒப்பிக்கச் சொல்லவில்லை. பெற்றோரும் சபையும் அதற்காக விசுவாசத்தை அறிக்கையிட்டார்கள். வாய் திறக்காத அந்தப் பிள்ளையைத் தேவன் சேர்த்துக்கொண்டார் என்று நம்புகிற சபை, வாய் ஓய்ந்துபோன இந்தக் கிழவியை அவர் கைவிடுவார் என்று நம்ப நியாயமில்லை. "அவர்கள் மறந்தாலும், நான் உன்னை மறப்பதில்லை" என்று ஏசாயாவில் இருப்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மைத்துனர் மகன் சொன்னது ரோமர் 10. அடுத்த அதிகாரத்தையும் அவன் வாசித்திருக்கலாம். வாயினால் அறிக்கையிடாத தன் சொந்த ஜனத்தை நினைத்துத்தான் பவுல் அங்கே தவிக்கிறார். தவித்து எழுதுகிற முடிவு என்ன? "தேவன், தாம் முன்னறிந்துகொண்ட தம்முடைய ஜனங்களைத் தள்ளிவிடவில்லை." யார் உள்ளே, யார் வெளியே என்று அளக்கப்போய்ப் பெரிய மிஷனெரிகளே திணறியிருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் பின்னாளில், 1785-இல், கோயில் கட்டிய குளோரிந்தாவுக்கு, அவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்த காரணத்தால், சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் மறுத்தார். பிறகு 1778-இல் அவரே வந்து கொடுத்தார். இந்தப் பையன் ஒரு ஞாயிறு மாலை காபி குடித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

இனி உங்களுக்குப் பிடிக்காத பேச்சு. உங்கள் மனதில் இருக்கும் தேவன் வருகைப் பதிவேடு வைத்திருக்கிற தலைமையாசிரியர் மாதிரி இருக்கிறார். பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" சொன்னவனுக்கு மட்டும் டிக். அதனால்தான் நோட்டீஸில் பெயர் விடுபட்டது உங்களை இப்படிச் சுடுகிறது, அதனால்தான் ராத்திரி ஜெபம் பரீட்சையாகிவிட்டது. உங்கள் மனைவி ஒப்பித்துவிட்டால் உள்ளே இருக்கிறார் என்று உங்களுக்கு நிம்மதி வரும். ஆகவே கேட்கிறீர்கள். வராதபோது பயம், பயம்தான் சத்தமாக வெளியே வருகிறது. அவருக்கோ ஒரு பெரியவர் கத்துகிறார் என்பது மட்டும் விளங்கும். இந்த மாதிரி மறதியில் அந்தி சாய்ந்தபிறகு குழப்பம் கூடுவது சகஜம். நீங்கள் அந்த நேரம் பார்த்துத்தான் கேள்வி கேட்கிறீர்கள். இன்று ராத்திரியோடு அதை நிறுத்துங்கள். சங்கீதத்தை நீங்கள் சொல்லுங்கள், அவர் பக்கத்தில் இருக்கட்டும், போதும். பாடினால் இன்னும் நல்லது. பேச்சு குறைந்த பிறகும் சின்ன வயதில் படித்த பாட்டு நெடுநாள் தங்குவதுண்டு.

வெளியே பூட்டிவிட்டுப் போவதை ஒருநாளும் இனிச் செய்யாதீர்கள். அடுப்பு இருக்கிறது, கிணறு இருக்கிறது. அதைவிட, எங்கே இருக்கிறோம் என்றே தெரியாதவர் பூட்டிய கதவைத் தள்ளிக்கொண்டு நிற்பதை யோசித்துப் பாருங்கள். கூட்டிப்போகாததற்குக் காரணம் அவர் மறதி இல்லை சார், உங்கள் வெட்கம். செயலாளர் அம்மா இப்படி ஆகிவிட்டார் என்று ஊர் பார்க்கக் கூடாது. சபை என்பது எல்லாம் ஞாபகம் இருப்பவர்களின் கூட்டமா? விசுவாசப் பிரமாணத்தை எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம். அன்றைக்குச் சொல்ல முடியாதவருக்கும் சேர்த்துத்தான் மற்றவர்கள் சொல்கிறார்கள். தேவன் தம் ஜனத்தை நேசிக்கிறார் என்றால் அந்த ஜனத்துக்கு நடுவில் உங்கள் மனைவிக்கும் ஓர் இடம் உண்டு. பக்கவாசல் ஓரமாக உட்காருங்கள், சலித்துக்கொண்டால் வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போங்கள். வீட்டுக்குப் போகணும் என்று அவர் கேட்டால் ஐயருக்கும் கேட்கட்டும். நீங்கள் மறைத்துவைத்திருக்கிற வீட்டை அவர் எப்படிச் சந்திப்பார்?

இது வெறும் வயசு என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள். வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு குறைந்தாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து உண்டு. அப்படியில்லாமல் முழு மறதி நோயாகவே இருந்தாலும், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் வழி சொல்வார்கள்.

மகன்களிடம் "நல்லாருக்கா" என்று நீங்கள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லாயிருக்கிற அம்மாவைப் பார்க்க அவசரமாக யார் ரயில் ஏறுவார்? ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராமல் மூத்தவனை நீங்களே கூப்பிட்டு, அம்மா கேட்ட அந்தக் கேள்வியை அப்படியே சொல்லுங்கள்.