இரட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டு கால அட்டவணை

வளரிளம் பருவ மூளை: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு இரட்டைப் பிள்ளேள். மகனும் மகளும் எட்டாங்கிளாஸ், 13 வயசு. அவ தானா எந்திரிச்சு பையை அடுக்கி, ஹோம்வொர்க்கையும் முடிச்சிருவா. அவனுக்கு நாலு தடவை சொன்னாலும் தண்ணி பாட்டில் பள்ளிக்கூடத்துலயே கெடக்கும். "பொம்பளப் பிள்ளைக்கு மூளை சீக்கிரம் முத்திரும், பயலுக்கு மெதுவாத்தான்"னு எங்க மைனி சொல்லுகா. நெசமா?
– ஒரு தாய், தக்கலை

பதில்: உங்கள் மைனி சொன்னதில் பாதி சரி. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் குழுவினர், அதே பிள்ளைகளைச் சில ஆண்டு இடைவெளியில் திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 1999-ல் வெளியான முடிவுப்படி, நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடலின் சாம்பல்நிறப் பகுதி (நரம்பு செல்கள் அடர்ந்த பகுதி) பெண்களுக்குச் சராசரியாக 11 வயதிலும் ஆண்களுக்கு 12 வயதிலும் உச்சம் தொட்டு, பிறகு குறைகிறது. மூளையின் மொத்தப் பருமன் உச்சம் தொடும் வயது, 2007-ல் அந்தக் குழு சொன்ன கணக்கில், பெண்களுக்கு 10.5, ஆண்களுக்கு 14.5. பெண்பிள்ளைகள் முன்னதாகப் பருவமடைவதோடு இது பொருந்திப் போகிறது.

ஆனால் இந்த எண்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2022-ல் வந்த ஆய்வில், சாம்பல்நிறப் பகுதியின் உச்சம் 6 வயதை ஒட்டியே வந்துவிட்டது. அளக்கும் முறை மாறினால் வயதும் மாறும். தவிர, எல்லாமே சராசரி. பையன்களிடம் பருவ மாற்றம் 9 வயதிலும் தொடங்கலாம், 14-லும் தொடங்கலாம். ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு பையன்களுக்குள்ளேயே ஐந்து வருட வித்தியாசம். ஆண் மூளை சராசரியாகச் சுமார் 10 சதவீதம் பெரியது என்பதால் அறிவும் கூடிவிடவில்லை. பெண் மூளை உச்சத்தை முந்தித் தொட்டதால் அவள் வளர்ந்து முடிந்தவளும் இல்லை. திட்டமிடுதல், பொறுத்திருத்தல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் முன்மடல் இருவருக்குமே இருபதுகளின் நடுப்பகுதி வரை பக்குவப்பட்டுக்கொண்டே இருக்கும்.

மகனுக்கு இப்படிச் செய்யுங்கள். ஒரு அட்டையில் மூன்றே வரி: பாட்டில், டிபன், நோட்டு. அதை வாசல் கதவில் அவன் கண்மட்டத்தில் ஒட்டுங்கள். பையை இரவு 9 மணிக்கு அவன்தான் அடுக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் பக்கத்தில் நில்லுங்கள், கையை நீட்டாதீர்கள். அடுத்த இரண்டு வாரம் "அட்டையைப் பாத்தியா மக்ளே?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு அதுவும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லுங்கள். பெரும்பாலான வீடுகளில் இந்த முயற்சி கெட்டுப்போவது இரண்டாவது வாரத்தில்தான்: பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அம்மாவே பையை அடுக்கிவிடுவார். அன்று பழகியது அம்மாவின் மூளை.

மகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "அவ முத்தினவ" என்று சொல்லிச் சொல்லி, தம்பியின் பொறுப்பும் அடுக்களை வேலையும் அவள் தலையில் ஏறிவிடுவதுண்டு. அவளுக்கும் 13 வயதுதான்.

மறதி 12 வயதுக்கு முன்பே தொடங்கி, வீட்டிலும் பள்ளியிலும் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, படிப்பைக் கெடுத்தால் அது கவனக்குறைவுக் கோளாறா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். பெண்பிள்ளைகளுக்கு அது துறுதுறுப்பு இல்லாமல் "கனவு காண்கிறாள்" என்ற வடிவில் வருவதால் பலமுறை தப்பிவிடுகிறது.

கேள்வி: வேண்டாத நரம்பிணைப்புகளை மூளை கத்தரிக்கிறது என்று மாணவர்களிடம் சொன்னேன். ஸ்கேனில் அது தெரியுமா, ஆணுக்கும் பெண்ணுக்கும் எத்தனை சதவீதம் என்று கேட்கிறார்கள்.
– அறிவியல் ஆசிரியர், மார்த்தாண்டம்

பதில்: தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு கன மில்லிமீட்டர்; அதற்குள் கோடிக்கணக்கான சினாப்ஸ்கள், அதாவது நீங்கள் சொன்ன நரம்பிணைப்புகள், அடங்கியிருக்கும். சாம்பல்நிறப் பகுதி மெலிவதைத்தான் ஸ்கேன் காட்டும். அந்த மெலிவில் ஒரு பங்கு கத்தரிப்பால் வருவது. இன்னொரு பங்கு, நரம்பிழைகள் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிவதால் சாம்பல்நிறப் பகுதியின் உள் ஓரம் படத்தில் வெள்ளையாகத் தெரிவது.

சினாப்ஸை எண்ண வேண்டுமானால் இறந்தவர்களின் மூளைத் திசுவை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். 1979-ல் சிகாகோவின் பீட்டர் ஹட்டன்லாக்கர் அப்படி எண்ணி, முன்மடலில் 1–2 வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அடர்த்தி அதிகம் என்றும், பதினாறு வயது வரை அது குறைகிறது என்றும் காட்டினார். 2011-ல் குரோஷியாவின் பெட்டானியெக் குழு, முன்மடலில் இது முப்பதை நெருங்கும் வரை நீள்வதைக் கண்டது.

தோவாளையில் பிச்சிக்கும் மல்லிக்கும் கவாத்து செய்வதை உதாரணமாகச் சொல்லலாம், ஒரு திருத்தத்தோடு. இங்கே வெளியிலிருந்து அரிவாள் வருவதில்லை. அதிகம் பயன்படாத இணைப்பின் மேல் சி1கியூ, சி3 என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் ஒட்டிக்கொள்ள, மூளையின் துப்புரவு வேலையைச் செய்யும் மைக்ரோகிளியா செல்கள் அதை விழுங்குகின்றன. எலிகளில் இது தெளிவாகவே பார்க்கப்பட்டுள்ளது.

"ஆணுக்கு இத்தனை சதவீதம், பெண்ணுக்கு இத்தனை" என்ற எண்ணுக்கு ஆதாரமில்லை. நேரடியாக எண்ணப்பட்ட மனித மூளைகள் மிகக் குறைவு. அப்படியொரு எண் வாட்ஸ்அப்பில் வந்தால் வகுப்பில் சொல்லாதீர்கள்.

கேள்வி: மக 11 வயசுல பெரியவளாயிட்டா. இனி மூளை வளர்ச்சி நின்னுரும், பந்து விளையாட்டும் வேண்டாம்னு எங்க அம்மா சொல்லுதாங்க.
– ஒரு தகப்பன், குளச்சல்

பதில்: நிற்காது. விளையாட்டையும் நிறுத்தாதீர்கள், தினமும் 60 நிமிடம் ஓடியாடுவது இந்த வயதில் இருபாலருக்கும் தேவை. பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள் பருவ மாற்றம் தொடங்குவது இயல்பு. 8-க்கு முன் மார்பக வளர்ச்சி தெரிந்தாலோ, 13 ஆகியும் தெரியாவிட்டாலோதான் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது இரும்புச்சத்து. மாதவிடாயில் அது போகிறது. குறைந்தால் கவனம் சிதறும், சோர்வு வரும். ஹீமோகுளோபின் 11 வயது வரை 11.5 கிராமுக்கும், 12 வயதிலிருந்து 12 கிராமுக்கும் கீழே போகக்கூடாது. பள்ளியில் வாரம் ஒன்று தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், பிள்ளைகள் ஜன்னல் வழியே எறிந்துவிடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லுங்கள். அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கட்டன்சாயா (பால் விடாத தேநீர்) வேண்டாம், சத்து உடம்பில் சேராது.

கேள்வி: நான் ரப்பர் பால்வெட்டுக்கு நாலு மணிக்கு எந்திரிக்கேன். 16 வயசுப் பய ராத்திரி பன்னெண்டு வரை முழிச்சிட்டு, அஞ்சரை டியூசனுக்கு எழுப்பினா அடிக்க வாறான். மடிதானே?
– குலசேகரம்

பதில்: மடி (சோம்பல்) இல்லை. பருவ வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. இந்தத் தாமதம் பெண்களுக்கு 19–20 வயதிலும் ஆண்களுக்கு 21 வாக்கிலும் உச்சம் தொட்டுப் பின் திரும்பும். பையன்களிடம் கொஞ்சம் அதிகம். அவனுக்குத் தேவை 8 முதல் 10 மணி நேரம், கிடைப்பது ஐந்து.

முடிந்தால் டியூசனை மாலைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 15 நிமிடம் வீதம் முன்னுக்கு நகர்த்துங்கள். ஒரேயடியாக ஒன்பது மணிக்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் கிடப்பான். படுக்க ஒரு மணி நேரம் முன்பே போன் அறைக்கு வெளியே போக வேண்டும், வீட்டில் எல்லோருடையதும். நாலு மணிக்கு மேல் சாயா வேண்டாம். காலையில் எழுந்ததும் முற்றத்து வெயிலில் 20 நிமிடம். ஞாயிற்றுக்கிழமையும் வழக்கத்தைவிட இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கவிட்டால் திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

கேள்வி: பெண் மூளைக்குக் கணக்கு வராது என்று உறவினர்கள் சொல்வதால் கணிதப் பிரிவை விட்டுவிடலாமா?
– பதினொன்றாம் வகுப்பில் சேரவிருக்கும் மாணவி, நாகர்கோவில்

பதில்: விடாதே. 2015-ல் 1,400-க்கு மேற்பட்ட மூளைகளின் படங்களை ஆராய்ந்தபோது, எல்லாப் பகுதிகளிலும் "ஆண் பக்கம்" அல்லது "பெண் பக்கம்" மட்டுமே இருந்தவை 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. மற்றவர்களிடம் கலந்தே இருந்தன. உன் மதிப்பெண்ணையும் விருப்பத்தையும் வைத்து முடிவு செய்.

கேள்வி: மகனுக்கு 18. மூணு மாசமா யாரோடும் சேருவதில்லை, தனியாப் பேசுதான். இந்த வயசுல எல்லாம் அப்படித்தான்னு விட்டுரலாமா?
– பெயர் வேண்டாம், இரணியல்

பதில்: விடாதீர்கள். மனச்சிதைவு நோய் ஆண்களுக்குப் பதின்வயதின் கடைசியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் தலைகாட்டும். பெண்களுக்குச் சில ஆண்டுகள் தள்ளி. மேலே சொன்ன நரம்பிணைப்புக் கத்தரிப்பு அளவுமீறுவதற்கும் இதற்கும் தொடர்பிருக்கலாம் என்று, சி3 போன்ற இன்னொரு நோயெதிர்ப்புப் புரதத்துக்கான சி4 மரபணுவைப் பற்றி 2016-ல் வந்த ஆய்வு காட்டியது. உங்கள் மகனுக்கு அந்த நோய்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நண்பர்களை விடுவது, குளிக்காமல் கிடப்பது, காதில் குரல் கேட்பதாகச் சொல்வது, காரணமில்லாச் சந்தேகம் – இவற்றில் எது இருந்தாலும் இந்த வாரமே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். கஞ்சா பழக்கம் உண்டா என்று மருத்துவர் கேட்டால் மறைக்காதீர்கள். சிகிச்சையை முடிவு செய்ய அதுவும் தெரிய வேண்டும். இரவில் பயமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. தற்கொலைப் பேச்சு வந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். அவனைத் தனியே விடாமல், பூச்சிமருந்தையும் ரப்பர் ஆசிடையும் வீட்டிலிருந்து அகற்றிவிட்டு, அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.