பொறியில் விழும் ஈயும் பாகலைத் துளைக்கும் ஈயும் ஒன்றா?

கேள்வி: கொக்கட்டிச்சோலையில் பாகலும் புடோலும் பந்தலிட்டுச் செய்கிறேன், வேலியோரம் மாமரங்கள் நிற்கின்றன. ஆண் ஈக்களை இழுக்கும் மெதைல் இயூஜினோல் என்ற மணப்பொருள் இட்ட பொறிப் போத்தலில் ஈக்கள் நிறைய விழுந்தும் பாகற்பிஞ்சுகளில் புழு குறையவில்லை. அழுகிய காய்களில் சிற்றீக்களும் மொய்க்கின்றன. எல்லாம் ஒரே ஈயா?

பதில்: தாங்கள் எழுதியதைப் பார்த்தால், இவை பெரும்பாலும் மூன்று வேறு ஈக்கள். அழுகலில் மொய்ப்பவை 2 முதல் 3 மி.மீ. நீளமும் சிவந்த கண்களும் கறையற்ற சிறகும் உடையவையாயின், அவை ஏற்கெனவே கெட்ட காயை நாடி வந்தவை. அவற்றுக்கு மருந்தடிப்பது வீண் செலவு.

பொறியில் விழுந்த ஈ ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, சிறகை விரித்து, கைவில்லையால் பாருங்கள். சிறகின் முன்விளிம்பில் மெல்லிய பழுப்புக் கோடு நுனிவரை ஓடி, ஏனைய பகுதி பெரும்பாலும் தெளிவாக இருந்து, முதுகின் இருபக்கமும் மட்டும் மஞ்சள் கோடுகள் இருந்தால், அது பெரும்பாலும் மாவைத் தாக்கும் கீழைத்தேயப் பழ ஈ. பாகல் ஈயிலோ முன்விளிம்புப் பட்டை சிறகின் நுனியில் பெரிய புள்ளியாக விரியும். சிறகின் குறுக்கு நரம்பை ஒட்டியும் பழுப்புக் கறை படர்ந்திருக்கும். செம்பழுப்பு முதுகின் நடுவில் மூன்றாவது மஞ்சள் கோடு ஒன்றும் உண்டு.

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். 2005 இல் ‘பக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்’ எனத் தனி இனமாகப் பெயரிடப்பட்டு, 2015 இல் கீழைத்தேயப் பழ ஈயோடு ஒன்றாக்கப்பட்ட ஈயின் முதுகு, செம்பழுப்பு முதல் கறுப்பு வரை வேறுபடும். புதிதாக வெளிவந்த ஈயோ எந்த இனமாயினும் வெளிறியே இருக்கும். ஆகவே புழு விழுந்த பாகற்காயை ஈரமணல் இட்ட போத்தலில் வைத்து, வாயைத் துணியால் கட்டி, வெளிவரும் ஈக்களை ஓரிரு நாள் உயிரோடு விட்டபின் சிறகைச் சோதியுங்கள்.

பாகல் ஈ உறுதியானால், அதன் ஆண் ஈக்கள் மெதைல் இயூஜினோலை நாடுவதில்லை. அவற்றுக்குக் கியூலூர் என்ற வேறொரு மணப்பொருள் வேண்டும். அதுவும் ஆண் ஈக்களையே இழுக்குமாதலால், முட்டையிடும் பெண் ஈக்களைத் தடுக்கப் பிஞ்சுகளுக்கு இளமையிலேயே உறையிடுவதுடன், புழு விழுந்த காய்களைத் தினமும் பொறுக்கிப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள்.