ஆறாயிரம் ரிங்கிட் பெட்டி வேண்டாம்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கிராணி ஒருவர் கேட்கிறார்: பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்கு இறுதியாண்டு வேலை, அயனி மண்டலத்தின் (வானில் உயரத்தில் சூரிய ஒளியால் எலக்ட்ரான்கள் பிரிந்து கிடக்கும் அடுக்கு) மேல்பகுதியில் எலக்ட்ரான் அடர்த்தியைக் கணிப்பது. தரையிலிருந்தே நேராக அளக்கும் என்று ஓர் ஏஜெண்டு ஆறாயிரம் ரிங்கிட்டுக்கு ஒரு பெட்டி காட்டுகிறாராம். வாங்கலாமா?

வாங்காதீர்கள் ஐயா. ரேடியோ அலையை மேலே அனுப்பினால், எலக்ட்ரான் மிக அடர்ந்த உயரம் வரை, சுமார் 300, 400 கிலோமீட்டர், எதிரொலி வரும். அதைத் தாண்டிய அலை போனது போனதுதான். அதனால்தான் 1962-இல் கனடா கட்டிய அலுவெட் செயற்கைக்கோளை அமெரிக்க ராக்கெட்டில் ஏவி மேலிருந்து பார்த்தார்கள். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் ஹிகமார்க்கா ரேடார், எலக்ட்ரான்கள் சிதறடிக்கும் மிக மெல்லிய அலையைப் பிடித்துத் தரையிலிருந்தே அளக்கும், ஆனால் அதன் ஆண்டெனா 300 மீட்டருக்கு 300 மீட்டர்!

இப்படிச் செயற்கைக்கோளோ பெரிய ரேடாரோ இல்லாதவர்கள் கணக்குதான் போடுகிறார்கள். ஜிபிஎஸ்ஸின் இரண்டு அலைகள் வந்து சேரும் தாமத வித்தியாசம், வழியில் உள்ள மொத்த எலக்ட்ரானைச் சொல்லும்; எதிரொலிக் கருவி உச்சி அடர்த்தியைச் சொல்லும். 10 மெகாஹெர்ட்ஸ் வரை எதிரொலி வந்தால் உச்சியில் கன மீட்டருக்கு 1.24 லட்சம் கோடி எலக்ட்ரான். மொத்தத்தில் உச்சிக்குக் கீழே உள்ளதைக் கழித்து, மிச்சத்தை மேலே ஒரு வளைவாகப் பரப்புவார்கள். அந்த வளைவு ஊகம், அளவீடு இல்லை. ஏஜெண்டு காட்டும் எண் எனக்குத் தெரிந்தவரை இதுதான், உள்ளே இருப்பது சாதாரண ஜிபிஎஸ் ரிசீவர்.

சோதிக்க ஒரு வழி: விடியற்காலை நாலு மணி அளவைக் காட்டச் சொல்லுங்கள். மைனஸில் இருந்தால், ரிசீவரின் சொந்தத் தாமதத்தை அவர்கள் சரியாகக் கழிக்கவில்லை. ஒரு நானோசெகண்டு (நூறு கோடியில் ஒரு பங்கு விநாடி) பிழை, மொத்த எலக்ட்ரானை அளக்கும் ‘டெக்’ அலகில் கிட்டத்தட்ட மூன்றைத் தின்றுவிடும், ராத்திரியில் மொத்தமே சில அலகுகள்தான் இருக்கும். எலக்ட்ரான் எண்ணிக்கை மைனஸாகுமா, சொல்லுங்கள்!

இன்னொன்று, இதை எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். மலேசியாவில் நாம் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு) பக்கத்தில் இருக்கிறோம். மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில் இருட்டியபின் அடர்த்தி குறைந்த குமிழிகள் கீழிருந்து கிளம்பி உச்சியைத் துளைத்துக்கொண்டு மேலே போகும். அந்த நேரத்தில் வழுவழுப்பான வளைவு சரிவராது, ஜிபிஎஸ் சிக்னலே துடிக்கும். ஐரோப்பிய வானத்தைப் பார்த்துப் பழகிய சூத்திரத்தை அப்படியே இங்கே போட்டு, வந்த விடையை ஆய்வு என்று கட்டினால் மகள்தான் மாட்டுவாள். பகல் அளவோடு தொடங்கட்டும், குமிழி ராத்திரிகளைத் தனியாகப் பிரித்து வைக்கட்டும்.

தரவுக்கு என்ன செய்வது? நம் தலைக்கு மேலுள்ள வானத்தின் அளவை, அதை வைத்திருப்பவர்களிடம் கேட்டு ஒரு மாணவி கடிதத்துக்கு மேல் கடிதம் எழுத வேண்டியிருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. கதவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் அளவுகளைத் திரட்டும் உலக ஜிஎன்எஸ்எஸ் சேவையின் (ஐஜிஎஸ்) அயனி மண்டல வரைபடங்களும், அயனி மண்டலத்துக்கான பன்னாட்டுக் கணக்கு மாதிரியான ஐஆர்ஐ-யும் இலவசம். அந்த ஆறாயிரத்தில் கொஞ்சத்தை எடுத்து அவளுக்கு நல்ல மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள்.