மும்பைக்குக் கிளம்பும் முன் நாட்காட்டியில் திதியையும் பாருங்கள்

மும்பையைச் சுற்றிப் பார்க்க வர இருக்கும் நம் ஊர்க்காரர்கள் கேட்ட கேள்விகள் இவை. மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குடும்பத்தோடு நான்கு நாள் வருகிறோம். எந்த நாளில் எதை வைத்துக்கொள்வது? (திருநெல்வேலி)

முதலில் திங்கட்கிழமையைத் தனியாக ஒதுக்குங்கள். எலிஃபென்டா தீவுக் குகைகளும் கன்ஹேரி குகைகளும் அன்று மூடியிருக்கும். அந்த நாளை சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம்) ரயில் நிலையம், 'ஃபோர்ட்' எனப்படும் கோட்டைப் பகுதி, கேட்வே ஆஃப் இந்தியா, மரைன் டிரைவ் என்று தெற்கு மும்பைக்குக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது கடல். நம் கிழக்குக் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் ஒரு மீட்டர் அளவுதான், கரையில் நிற்பவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 4, 5 மீட்டர் வரை ஏறி இறங்கும். ஹாஜி அலி தர்காவுக்குப் போகும் பாதை முழுகும், அலிபாக்கில் கடல் கோட்டைக்கு வழி திறக்கும், சதுப்பில் பறவைகள் இடம் மாறும். ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: அமாவாசை, பௌர்ணமி நாட்களில் நண்பகல் வாக்கில் ஏற்றம், காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் வற்றம். அதன்பின் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். வீட்டுத் தினசரி நாட்காட்டியில் திதியைப் பார்த்தாலே பாதித் திட்டம் முடிந்துவிடும். துல்லியமான நேரத்துக்கு அன்றைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் எந்த நிலையத்துக்கு வரும்? (நாகர்கோவில்)

டிக்கெட்டைப் பாருங்கள் அண்ணா. தெற்கிலிருந்து வரும் வண்டிகள் சில சிஎஸ்எம்டிக்கும், சில தாதருக்கும், சில குர்லாவில் உள்ள லோக்மான்ய திலக் முனையத்துக்கும் வருகின்றன. மூன்றும் வெவ்வேறு இடம். அதைப் பார்த்துவிட்டு விடுதி எடுங்கள்.

லோக்கல் ரயிலில் குழந்தைகளோடு ஏற முடியுமா? பயமாக இருக்கிறது. (ஈரோடு)

முடியும் அம்மா, நேரம் தெரிந்தால் போதும். காலையில் 8 முதல் 11 வரை கூட்டம் தெற்கு நோக்கி வரும். மாலையில் 5 முதல் 9 வரை வடக்கு நோக்கித் திரும்பும். நீங்கள் தெற்கில் தங்கினால் காலையில் வடக்கே போய் மாலையில் திரும்புங்கள், கூட்டம் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருக்கும். பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு. ஆனால் குடும்பம் இரண்டு பெட்டியாகப் பிரிந்தால், எந்த நிலையத்தில் இறங்குவது என்பதை ஏறும் முன்பே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கன்ஹேரிக்காகப் போரிவலி போகிறவர்கள், அதையும் தாண்டி விரார் வரை போகும் 'விரார் ஃபாஸ்ட்' வண்டியில் ஏறாதீர்கள். நெரிசல் நேரத்தில் இடையில் இறங்க வழியே கிடைக்காது. போரிவலியோடு நிற்கும் வண்டிக்குக் காத்திருங்கள்.

எலிஃபென்டா, கன்ஹேரி இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது. எது? (கும்பகோணம்)

ஒரே ஒரு சிற்பத்தின் முன் நின்று மெய்மறக்க வேண்டும் என்றால் எலிஃபென்டா. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படும் குகையில், ஏறத்தாழ 20 அடி உயரத்தில் மூன்று முகங்களோடு சதாசிவம். கேட்வேயிலிருந்து படகில் ஒரு மணி நேரம். காலையில் முதல் படகுகளில் போய்விடுங்கள், பிறகு கூட்டத்தின் பேச்சொலி குகை முழுக்க எதிரொலிக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் கன்ஹேரி. வெளியூர்க்காரர்கள் அதைத் தவறவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம். போரிவலியில், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குள், பாறை மலையைக் குடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட குகைகள். பௌத்தத் துறவிகள் ஆயிரம் ஆண்டு அளவுக்கு அங்கே வாழ்ந்திருக்கிறார்கள். மூன்றாம் எண் குகையின் வாசலில் இருபுறமும் நெடிய புத்தர் உருவங்கள். அதைப் பார்த்துவிட்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து மேலே ஏறுங்கள். துறவி படுத்த கல் திண்ணை, வாசலருகே மழைநீர்த் தொட்டி, பாறையில் வெட்டிய வாய்க்கால் வழியே அந்தத் தொட்டிக்கு வந்து சேரும் தண்ணீர். மழை நான்கு மாதம் கொட்டி எட்டு மாதம் காயும் ஊரில் எப்படி வாழ்வது என்று அவர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் புரியும். குளமும் ஏரியும் வெட்டிய ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்குப் பிடிக்காமல் போகாது. பூங்கா வாசலிலிருந்து குகைகள் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன, பேருந்து உண்டு. சிறுத்தைகள் வாழும் காடு என்பதால் இருட்டும் முன் வெளியே வந்துவிட வேண்டும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி. எலிஃபென்டாவில் படி அதிகமா? (சேலம்)

படகுத்துறையிலிருந்து ஒரு சின்ன ரயில் அடிவாரம் வரை போகும். அதன்பின் சுமார் 120 படிகள். இருபுறமும் கடைகள் இருப்பதால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். நாற்காலியில் தூக்கிச் செல்பவர்களும் உண்டு, கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். படியைவிடப் படகில் ஏறி இறங்குவதுதான் பெரியவர்களுக்குச் சிரமம், கை பிடிக்க ஒருவர் கூடவே இருக்கட்டும்.

ஜூலையில்தான் விடுப்பு கிடைக்கிறது. வரலாமா? (மதுரை)

வரலாம், ஆனால் கடலை நம்பித் திட்டம் போடாதீர்கள். கேட்வேயிலிருந்து, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலிபாக் பக்கம் போகும் படகுகள் மழைக்காலத்தில் நிற்கும். எலிஃபென்டா படகும் கடல் கொந்தளித்தால் ஓடாது. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் தண்ணீர் கடலுக்குள் இறங்க முடியாமல் சயான், ஹிந்த்மாதா போன்ற தாழ்வான இடங்களில் தேங்கும், ரயில் நிற்கும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்ததை இந்த ஊர் இன்னும் மறக்கவில்லை. கனமழை எச்சரிக்கை வந்த நாளில் அருங்காட்சியகம் போங்கள், அல்லது விடுதியிலேயே இருங்கள். மரைன் டிரைவ் ஓரம் கொட்டியிருக்கும் கான்கிரீட் கட்டைகள் மீது படம் எடுக்க எந்தக் காலத்திலும் இறங்க வேண்டாம் தம்பி. பாசி வழுக்கும், இடுக்கில் விழுந்தவரை வெளியே எடுப்பது மிகக் கடினம்.

ஹாஜி அலி தர்காவுக்கு எந்த நேரத்தில் போகலாம்? (நாகூர்)

தர்கா கடலுக்குள் இருக்கிறது, கடல் ஏறும் நேரத்தில் அங்கே போகும் பாதை முழுகும். மேலே சொன்ன கணக்குப்படி அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நண்பகலைத் தவிருங்கள். வியாழன், வெள்ளியில் கூட்டம் மிக அதிகம்.

பூநாரை பார்க்க முடியுமா? (வேதாரண்யம்)

குளிர்காலம் முதல் மே வரை தாராளமாக. மும்பையின் கிழக்குக் கரையில் உள்ள சிவ்ரி சதுப்பில் நீர் முழுக்க வற்றினால் பறவைகள் தூரம் போய்விடும், முழுக்க ஏறினாலும் இருக்காது. ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னோ பின்னோ போங்கள். ஐரோலியில் வனத்துறை படகில் தாணே ஓடைக்குள் அழைத்துப் போகிறார்கள், நான் அதையே பரிந்துரைப்பேன்.

மாதேரான் மலை ரயில் ஓடுகிறதா? (ஊட்டி)

அடிவாரத்தில் உள்ள நேரலிலிருந்து மேலே ஏறும் ரயில் 1907இல் வந்தது. மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள், மேலே உள்ள அமன் லாட்ஜ் நிலையத்திலிருந்து ஊருக்குள் போகும் குட்டி வண்டி மட்டும் ஓடும். வெளியிலிருந்து வரும் கார், பைக்குகளுக்கு ஊருக்குள் அனுமதி இல்லை. நடக்கலாம், குதிரையிலும் போகலாம். ஊட்டிக்காரருக்கு மலை புதிதல்ல, ஹாரன் சத்தமே இல்லாத மலைவாசத்தலம்தான் புதிது.

நம் ஊர்ச் சாப்பாடு? (தஞ்சாவூர்)

மாட்டுங்கா கிழக்கு. ரயிலை விட்டு இறங்கியதும் பூக்கடை மணமே வழி காட்டும்.

அலிபாக், கொலாபா கோட்டை, முருட் ஜஞ்சிரா மூன்றையும் ஒரே நாளில் முடிக்கலாமா? (கோயம்புத்தூர்)

வேண்டாம். கேட்வேயிலிருந்து படகில் மாண்டுவா துறை, அங்கிருந்து பேருந்தில் அலிபாக். கார் கொண்டு போனால் பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து, வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ கப்பல். அலிபாக்கின் கொலாபா கோட்டைக்கு நன்றாக வற்றியிருக்கும்போது மட்டும் நடந்து போகலாம். ஏறத் தொடங்கும் முன் திரும்பிவிட வேண்டும், உள்ளூர் மீனவர் ஒருவரிடம் நேரம் கேட்காமல் இறங்காதீர்கள். கடல் கோட்டையான ஜஞ்சிரா இன்னும் தெற்கே, ராஜபுரியிலிருந்து பாய்மரப் படகில் போக வேண்டும். ஓர் இரவு முருடில் தங்கிக் காலையில் போனால் கோட்டையை நிதானமாகச் சுற்றலாம். அதற்கு நாள் இல்லையென்றால் இந்தப் பயணத்தில் அலிபாக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.