தோற்றால் பழி முழுக்க கோல்கீப்பர் மீதா?

மதிப்பிற்குரிய மேடம்,

வடசென்னையில் ஒரு கால்பந்து கிளப்பில் ஸ்டாப்பராக, அதாவது தடுப்பாட்டக்காரனாக ஆடுகிறேன். வயது 22. இந்த வருஷம் நான்தான் கேப்டன். தோல்வி மேல் தோல்வி, லீக்கில் கடைசி இடத்தில் இருக்கிறோம். எங்கள் கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, 18 வயது. போன மாதம் எதிரணி மைதான மூலையிலிருந்து அடித்த ஒரு கார்னரில் பந்து அவன் கைநழுவி கோல் ஆகிவிட்டது. அன்றிலிருந்து கோச் அவனை விடுவதாக இல்லை. மேட்ச் முடிந்து ஷூ கழற்றுவதற்குள், எல்லார் முன்னாலும் "உன்னாலதான்டா போச்சு" என்கிறார். வாட்ஸ்அப் குரூப்பிலும் அவன் பேரைச் சொல்லித் திட்டி ஆடியோ போடுகிறார். இப்போதெல்லாம் அவன் கோல் லைனை விட்டு நகர்வதே இல்லை. மற்ற பையன்களும் காலுக்குப் பந்து வந்தாலே பதறிப்போய்த் தூக்கி அடித்துவிடுகிறார்கள். கோச் கெட்டவர் இல்லை மேடம். சின்ன வயதிலிருந்து என்னை வளர்த்தவர், சொந்தக் காசில் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர். அவரிடம் எப்படிப் பேசுவது? எதிர்த்துப் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டால்?

அன்புள்ள தம்பி,

பேசத்தான் வேண்டும். கோச்சிடம் இதைச் சொல்லக்கூடிய இடத்தில் கேப்டனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

கார்னர் வரும்போது வெளியே போய்ப் பந்தைக் குத்துவதா, லைனிலேயே நிற்பதா என்று கோலி ஒரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். வெளியே போய்த் தவறவிட்டால் திட்டு நிச்சயம். லைனில் நின்றபடி கோல் வாங்கினால் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. அடி வாங்கிய மனசு எதைத் தேர்ந்தெடுக்கும்? நீங்கள் பார்ப்பது அதைத்தான். மற்றவர்களுக்கும் 'அடுத்து நம்ம பேர்தான்' என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தோடு எவனும் பந்தைக் காலில் வைத்து ஆட மாட்டான்.

கோலியின் தப்புக்குப் பின்னால் வலை இருப்பதால் அது பளிச்சென்று தெரிகிறது. அந்தக் கார்னர் ஏன் வந்தது, எதிரணி ஆளை ஒட்டி நின்று மார்க் செய்யாமல் விட்டது யார், கோலி ஓடி வர யார் வழி விடவில்லை? இவை கோச் பயிற்சியில் சரிசெய்ய வேண்டியவை. எல்லாவற்றையும் ஒரு பையன் தலையில் கட்டினால் இந்தக் கேள்விகள் எழவே எழாது, அடுத்த வாரமும் அதே கோல் விழும். அதுவும் 18 வயதுப் பையன்! எனக்கு மனசு ஆறவில்லை.

2021-இல் நடந்த யூரோ கால்பந்துக் கோப்பை இறுதியாட்டம் நினைவிருக்கும். லண்டன் வெம்ப்லி மைதானத்தில் இத்தாலியிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்றது. இங்கிலாந்து வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூன்று பேரும் கோலாக்கவில்லை. சாகாவுக்கு அப்போது வயது 19. இணையத்தில் அந்த மூவர் மீதும் நிறவெறி வசவு கொட்டியது. இங்கிலாந்தின் அப்போதைய பயிற்சியாளர் சவுத்கேட், யார் அடிப்பது என்று முடிவு செய்தது நான், பொறுப்பும் என்னுடையது என்று வெளிப்படையாகச் சொன்னார். 2024 யூரோ காலிறுதியில், அதே சவுத்கேட்டின் அணியில், சுவிட்சர்லாந்துக்கு எதிராக சாகா மறுபடி பெனால்டி அடிக்கப் போனார், கோலும் போட்டார்.

கோச்சிடம் மேட்ச் அன்று பேசாதீர்கள். ஒருநாள் பிராக்டிஸ் முடிந்ததும் தனியாக, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "சார், அவன் இப்போ வெளியே வர்றதே இல்ல. பசங்களும் பயந்து ஆடுறாங்க. அவன்கிட்ட சொல்ல வேண்டியதைத் தனியா கூப்பிட்டுச் சொல்லுங்க சார். குரூப்ல வேண்டாம்." கையோடு ஒரு வேலையும் கேளுங்கள்: கூட்டமாக ஆட்களை நிறுத்தி கார்னர் பயிற்சி, யாருக்கு யார் மார்க் என்ற முடிவு. கோலிக்கு வழிவிட்டு நிற்பது ஸ்டாப்பரான உங்கள் வேலையும்தான், அதை அவர் முன்னாலேயே ஏற்றுக்கொள்ளுங்கள். கிளப் கமிட்டி அவரையும் நெருக்கிக்கொண்டிருக்கலாம், அதையும் மனதில் வையுங்கள்.

பையனிடம் 'தப்பே இல்லை' என்று பூசி மெழுக வேண்டாம், அவன் நம்ப மாட்டான். பந்து நழுவியது உண்மை, அதைச் சரிசெய்யலாம் என்று சொல்லி, பிராக்டிஸுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் அவனுக்குப் பந்து தூக்கிப் போடுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, யாரோடும் பேசாமல் இருக்கிறான் என்றால் வீட்டில் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416, இலவசம்தான். தமிழிலும் பேசலாம்.