ஷெரித் இஸ்ரேல் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகனைப் பார்க்க நியூயார்க் போயிருந்தபோது ஷெரித் இஸ்ரேல் யூத ஆலயத்தை வெளியே நின்று பார்த்தேன். சபையின் வரலாறு 1654-இல் தொடங்குகிறதாம். மத சுதந்திரம் தேடி வந்தவர்களை அமெரிக்கா அன்றே இரு கை நீட்டி வரவேற்றது என்றார் உடன் வந்த நண்பர். உண்மையா?

கே., கோவை

அன்புள்ள கே.,

விரட்டத்தான் பார்த்தார்கள். ஊரும் அப்போது டச்சுக்காரர்களின் நியூ ஆம்ஸ்டர்டாம்.

பிரேசிலின் ரெசிஃபே நகரம் டச்சு ஆட்சியில் இருந்தவரை யூதர்கள் அங்கே வெளிப்படையாகவே வழிபட்டார்கள். 1654 ஜனவரியில் போர்ச்சுகல் அதை மீட்டதும் கிளம்பிவிட்டார்கள். அவர்களில் 23 பேர் செப்டம்பரில் நியூ ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கினார்கள். கப்பல் கூலிக்குக் காசில்லை. கப்பல் தலைவன் வழக்குப் போட, தட்டுமுட்டுச் சாமான்கள் ஏலத்துக்குப் போயின.

ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் அவர்களை வெளியேற்ற விரும்பி, ஊரை ஆண்டுவந்த டச்சு வணிக நிறுவனமான மேற்கிந்தியக் கம்பெனிக்கு எழுதினார். இவர்களுக்கு இடம் கொடுத்தால் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் கேட்பார்களே என்பதும் அவர் கவலை. ஹாலந்தில் இருந்த ஆம்ஸ்டர்டாம் நகர யூதர்கள் கம்பெனியிடம் மனுக் கொடுத்தார்கள். 1655 ஏப்ரலில் பதில் வந்தது: உமது விருப்பம்தான் எங்களுக்கும், ஆனால் பிரேசிலில் இவர்கள் நிறைய இழந்திருக்கிறார்கள், கம்பெனியில் இவர்களுடைய பெரும் முதலீடு இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும், இவர்களுடைய ஏழைகளை இவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும். பெருந்தன்மை என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்குப் புத்தகம் பேசியிருக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் ஆசர் லெவி. ஊர்க்காவலில் யூதர்கள் நிற்கக் கூடாது, பதிலாக ஆண்கள் மாதம் 65 ஸ்டைவர் (டச்சுச் சில்லறைக் காசு) வரி கட்ட வேண்டும் என்று 1655-இல் உத்தரவு போட்டார்கள். உடன் நிற்கும் வீரர்களுக்கு இவர்களைப் பிடிக்கவில்லை என்பது காரணம். லெவியும் ஜேக்கப் பார்சிம்சனும் மனுக் கொடுத்தார்கள்: நாங்கள் உடலுழைப்பில் பிழைப்பவர்கள், மற்றவர்களைப் போல எங்களையும் காவலுக்கு விடுங்கள், இல்லையென்றால் வரியை நீக்குங்கள். குறையிருந்தால் எப்போது வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எந்த அரசு அலுவலகத்துக்கும் கைவந்த பாணி அல்லவா!

லெவி போகவில்லை. 1657-இல் நகர உரிமை, அதாவது நகரக் குடிமகன் என்ற தகுதி, கேட்டு மறுபடி மனுக் கொடுத்தபோது, மற்றவர்களைப் போல நானும் காவல் காக்கிறேன் என்பதையே வாதமாக வைத்தார். நகர நீதிமன்றம் மறுத்தது. யூதப் பெரியவர்கள் மேலே முறையிட, அதே ஸ்டைவசன்டின் ஆட்சிக்குழு உரிமையைக் கொடுத்தது. 1660-இல் லெவிக்கு இறைச்சி வெட்டும் உரிமமும் கிடைத்தது, பன்றி வெட்ட வேண்டாம் என்ற விலக்கோடு. பார்சிம்சன் ஒரு வழக்கில் ஆஜராகாதபோதும், அழைப்பு அவருடைய ஓய்வுநாளில் வந்தது என்று நீதிமன்றம் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. சட்டத்தில் இல்லாத சலுகைகள் இப்படித்தான் ஒவ்வொன்றாகக் கசிந்து வந்தன.

வெளிப்படையான வழிபாட்டுக்குத்தான் நெடுங்காலம் பிடித்தது. நகரம் ஆங்கிலேயர் கைக்கு மாறி, இரண்டு தலைமுறை கழிந்து, 1730-இல் மில் தெருவில் சபை தன் முதல் ஆலயத்தைக் கட்டியது. நீங்கள் பார்த்தது 1897-இல் எழுந்த கட்டடம்.