வாசகர் கேள்வி: கடல் கடந்து வாடகை வீடு

கேள்வி: நர்ஸான என் மகள் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஆறு மாதத்தில் ஆஸ்பத்திரி விடுதியைக் காலி செய்ய வேண்டும். இணையத்தில் பார்த்த ஒரு வீட்டுக்காரர், அட்வான்ஸ் போட்டால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா? எந்தப் பக்கம் வீடு பார்ப்பது?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: சல்லிக்காசு அனுப்பாதீர்கள். கூரியரில் சாவி என்றாலே மோசடிதான். மகளோ தெரிந்தவர்களோ நேரில் போய் வீட்டைப் பார்த்து, ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் பணம். அட்வான்ஸும் சட்டப்படி மூன்று மாத 'கால்ட்மீட்டே'க்கு மேல் கேட்க முடியாது. மூன்று தவணையாகக் கட்டலாம். கால்ட்மீட்டே வெறும் வாடகை. தண்ணீர், ஹீட்டிங், குப்பைச் செலவு சேர்ந்தால் 'வார்ம்மீட்டே'. கரன்டும் இன்டர்நெட்டும் பெரும்பாலும் அதிலும் வராது.

அடுக்களை இருக்கிறதா என்று கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள். அங்கே பல வீடுகளில் அடுப்பு, அலமாரி மட்டுமல்ல, பாத்திரம் கழுவும் தொட்டிகூட இருக்காது. முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளம்பரத்தில் 'ஈ.பி.கே.' என்று இருந்தால் அடுக்களை உண்டு.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட குடியேற்றச் சான்று வேண்டும். "தங்கிக்கொள், பதிவு மட்டும் வேண்டாம்" என்கிற வீட்டை விட்டுவிடுவது நல்லது. வரி எண் பதிவான முகவரிக்குத்தான் தபாலில் வரும். தபால் பெட்டியில் மகளின் பெயரையும் ஒட்டியாக வேண்டும். பெயர் இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். நம்மூர் தபால்காரர் மாதிரி பக்கத்து வீட்டில் விசாரித்துக் கொடுப்பார் என்று இருந்துவிடக் கூடாது.

'ஷூஃபா' என்ற கடன் வரலாற்றுச் சான்று கேட்பார்கள். புதிதாகப் போனவர்களின் சான்றில் பெரிதாக ஒன்றும் இருக்காது. வேலை ஒப்பந்தமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் சேர்த்துக் கொடுத்தால் பலரும் ஒப்புக்கொள்வார்கள்.

நகரத்துக்குள் வாடகை அதிகம். எஸ்‑பான் ரயில் போகும் எஸ்லிங்கன், லுட்விக்ஸ்பர்க், போப்ளிங்கன் பக்கமும் தேடலாம். ஆனால் நர்ஸுக்குக் காலை ஷிஃப்ட் ஆறு மணிவாக்கில் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

கேள்வி: தம்பிக்கு மான்செஸ்டரில் ஐ.டி. வேலை. வீட்டுக்காரர் இரண்டு மாத டெபாசிட் கேட்கிறார். சரிதானா?
– வாசகர், தக்கலை

பதில்: இல்லை. இங்கிலாந்தில் ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீட்டுக்கு அதிகபட்சம் ஐந்து வார வாடகைதான் டெபாசிட். வாங்கிய 30 நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து, விவரத்தையும் தம்பிக்குக் கொடுக்க வேண்டும். தவறினால், டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை இழப்பீடு கேட்டு நீதிமன்றம் போகலாம்.